வெள்ளி அணியும் உரிமை: தடைகளின் வழியே ஒரு வரலாறு

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலம், கல்வி, கூலி, வன்கொடுமை ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நகையைப் பற்றி, அதிலும் வெள்ளி நகையைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். நகை என்றதும் அது போராட்டத்துக்கு வெளியே உள்ள பொருள், அலங்காரம், ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் சாதி ஒருநாளும் அதை அப்படி ஒதுக்கியதில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் என்னென்ன செய்யக் கூடாது என்று பட்டியல் போட்டபோதெல்லாம் ஆதிக்க சாதியினர் நகையை அதில் சேர்த்தார்கள். பல பட்டியல்களில் அதை முதல் வரியிலேயே எழுதினார்கள். அவர்கள் இவ்வளவு முக்கியமாகக் கருதிய ஒன்றை நாம் அலட்சியப்படுத்த முடியாது.

இன்று பெருநகரக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் கனத்த பழைய வெள்ளி நகைகள் 'பாரம்பரிய இந்திய வெள்ளி நகை' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. தண்டை, காப்பு, கால்வளை, கழுத்துக் கம்பி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் காலம், எத்தனை கிராம் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். இதை யார் அணியலாம், யார் அணியக் கூடாது என்று அந்த ஊரில் இருந்த சட்டத்தை எந்த அட்டையும் சொல்வதில்லை. அந்த அட்டையில் விடுபட்ட வரியை எழுதுவதுதான் இந்த உரையின் நோக்கம்.

1. காலுக்கு ஒதுக்கப்பட்ட உலோகம்

சாதி மனிதர்களை மட்டும் வரிசைப்படுத்தவில்லை, உலோகங்களையும் வரிசைப்படுத்தியது. தங்கம் லட்சுமி, அதை இடுப்புக்குக் கீழே அணியக் கூடாது என்ற நம்பிக்கை இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. அதனால் கழுத்துக்கும் காதுக்கும் தங்கம், காலுக்கு வெள்ளி. கொலுசு, தண்டை, மெட்டி, காலாழி, குழந்தைகளின் இடுப்பில் அரைஞாண், பெண் குழந்தைக்கு அரைமூடி எல்லாம் வெள்ளி. இது காலங்காலமாக மாறாத தமிழ் மரபு என்று யாராவது சொன்னால், சிலப்பதிகாரத்தில் வழக்கையே தீர்த்துவைத்த காலணி எந்த உலோகத்தில் செய்யப்பட்டது என்று கேளுங்கள். கண்ணகியின் சிலம்பு பொற்சிலம்பு. காலில் பொன் இருந்த காலமும் இங்கே இருந்திருக்கிறது.

இராஜபுதன அரசவைகளில் காலில் தங்கம் அணிவது மன்னர் வழங்கும் மரியாதை. அந்த உத்தரவு இல்லாமல் எவ்வளவு செல்வம் படைத்தவரும் அணிய முடியாது. நகை என்பது வாங்கும் வசதியைப் பொறுத்தது மட்டுமல்ல, மேலிருந்து கிடைக்கும் அனுமதியையும் பொறுத்தது என்பதை மேல்தட்டிலேயே இப்படி ஒரு விதியாக வைத்திருந்தார்கள். அப்படியானால் அடித்தட்டில் என்ன நடந்திருக்கும்?

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. சண்டாளர் ஊருக்கு வெளியே வாழ வேண்டும். பிணத்தின் ஆடையை உடுத்த வேண்டும். உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும். நாயும் கழுதையும் அவர்களுடைய சொத்து. அவர்களுடைய அணிகலன் இரும்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகையே அணியக் கூடாது என்று அந்த நூல் சொல்லவில்லை. இரும்பை அணி என்கிறது. ஒருவரை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவதைவிட அடையாளம் குத்தி நிறுத்துவதுதான் சாதிக்குத் தேவை. உயர்ந்த உலோகத்தைத் தடுப்பது, தாழ்ந்த உலோகத்தைத் திணிப்பது என்று சாதி இரண்டு வேலைகளைச் செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் வரும் வரலாறு புரியும்.

2. ரூபாயும் தண்டையும்

வெள்ளியின் கதை பாதி பொருளாதாரத்தின் கதை. 1835 முதல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் ஒரே வெள்ளி ரூபாய் புழங்கியது. அதன் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. நம் கணக்கில் ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு போன்ற கலப்பு. சுத்த வெள்ளி மிருதுவானது. சிறிது கலப்பு இருந்தால்தான் நகை தேயாமல் நிற்கும். ரூபாயிலேயே அந்தக் கலப்பு இருந்தது. ஆகவே கிராமத்துப் பத்தரிடம் ரூபாய்களை எண்ணிக் கொடுத்தால் போதும். அவர் அதைக் குகையில் போட்டு வெண்காரம் சேர்த்து உருக்கி, கம்பியாக நீட்டி, அடித்து வளைத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, காப்பாகவோ தண்டையாகவோ திருப்பித் தருவார். எத்தனை ரூபாய் எடையில் செய்தது என்பதுதான் நகையின் கணக்கு.

ஏழைப் பெண்களின் வெள்ளி நகை ஏன் கனமாகவும் வேலைப்பாடு குறைவாகவும் இருந்தது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. நுணுக்கமான வேலை என்றால் செய்கூலி கூடும், சேதாரம் கூடும். விற்கும்போது செய்கூலியும் திரும்ப வராது, சேதாரமும் திரும்ப வராது. கல் பதித்தால் கல்லுக்கு மறுவிலை கிடையாது. கெட்டியாக, கல் வைக்காமல், எளிய வடிவில் செய்தால் எடைக்கு எடை பணமாகும். மேட்டுக்குடிப் பார்வை அந்த நகையை முரட்டு நகை, ரசனையற்ற நகை என்று சொன்னது. நிலம் இல்லாத, வங்கி இல்லாத, பூட்டு போட ஒரு கதவுகூட இல்லாத மனுஷி தன் சேமிப்பை உடம்பிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தேவை வடிவமைத்த நகை அது. அதைச் செய்த கை பத்தருடையது. அதன் வடிவத்தை முடிவு செய்த அறிவு அணிந்தவளுடையது. வடிவமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அறிவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நிலம் இல்லாத என்று சொன்னோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, நிலம் மறுக்கப்பட்டதையும் கடனால் பண்ணையோடு கட்டப்பட்டதையும் அரசின் முன் வைத்தது. 1892இல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையதாக இருந்த மக்களுக்கு எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய சொத்து மட்டுமே சொத்து. ஆடு, மாடு, பாத்திரம், நகை. இவற்றில் பஞ்சத்தில் சாகாததும் ஊரைவிட்டு ஓடும்போது கூடவே வருவதும் நகை ஒன்றுதான்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் பம்பாய் மாகாணத்தையும் அழித்த தாது வருஷப் பஞ்சத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. குடியானவர்களும் கூலிகளும் விற்ற வெள்ளி ஆபரணங்கள் நாணயமாக உருக்கப்படுவதற்காகப் பம்பாய் நாணயச் சாலைக்கு மலைபோல் வந்து சேர்ந்தன. ரூபாய் நகையாகிப் பஞ்சத்தில் மறுபடி ரூபாயானது. அந்தச் சுழற்சிதான் பலரை உயிரோடு வைத்திருந்தது.

1893 ஜூனில் அரசு அந்தச் சுழற்சியை அறுத்தது. மக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தி, நாணயச் சாலைகளைத் தனியாருக்கு மூடியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டிருந்ததும் லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகை அரசுக்குச் சுமையாகிக்கொண்டிருந்ததும் அதற்குக் காரணம். விளைவு யார் தலையில் விழுந்தது? அதுவரை பத்து ரூபாய் எடையுள்ள காப்பு ஏறத்தாழ பத்து ரூபாய்க்குச் சமம். அதற்குப் பிறகு காப்பு வெறும் வெள்ளி, ரூபாய் அரசின் முத்திரை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மூன்றே ஆண்டில், 1896–97இல், அடுத்த பெரும் பஞ்சம் வந்தபோது மக்கள் கழற்றிக் கொடுத்த வெள்ளிக்கு முன்பு கிடைத்த ரூபாய் கிடைக்கவில்லை. தங்கம் வைத்திருந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. சாதி காலுக்கு ஒதுக்கிய உலோகத்தைப் பேரரசும் மதிப்பிழக்கச் செய்தது. சுமந்தவர்கள் ஒரே மக்கள்.

3. இந்தூரும் இராமநாதபுரமும்

தடைப் பட்டியல்களுக்கு வருவோம். முதலாவது மத்திய இந்தியாவைச் சேர்ந்தது. 1928 ஜனவரி 4ஆம் தேதி டைம்ஸ் ஆஃப் இந்தியா வெளியிட்ட செய்தியை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக் காட்டுகிறார். இந்தூர் சமஸ்தானத்தில் கனரியா, பிச்சோலி ஹப்சி, பிச்சோலி மர்தானா ஆகிய ஊர்களிலும் இன்னும் சுமார் 15 கிராமங்களிலும் கலோதா, இராஜபுத்திர, பார்ப்பனச் சாதியினர் பலாய் மக்களுக்கு விதிகள் அறிவித்தார்கள். பலாய் ஆண்கள் சரிகைக் கரையிட்ட தலைப்பாகை கட்டக் கூடாது. வண்ணக் கரை வேட்டி உடுத்தக் கூடாது. பலாய் பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணியக் கூடாது. அழகிய பாவாடையோ ரவிக்கையோ உடுத்தக் கூடாது. இதே பட்டியலில் வேறு சில வரிகளும் இருந்தன. இந்துக்கள் வீட்டுச் சாவுச் செய்தியை எவ்வளவு தூரமானாலும் போய்ச் சொல்ல வேண்டும். கல்யாணத்தில் வாத்தியம் வாசிக்க வேண்டும். இந்துப் பெண்களுக்குப் பேறுகாலம் பார்க்க வேண்டும். கூலி கேட்காமல், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலாய் மக்கள் ஏற்க மறுத்தார்கள். கிணற்றில் நீர் எடுக்க விடவில்லை. மாடு மேய்க்க விடவில்லை. சாதி இந்துக்களின் நிலத்தைக் கடந்து தங்கள் வயலுக்கே போக முடியாதபடி வழியை அடைத்தார்கள். அரசரிடம் மனு கொடுத்தும் பயனில்லை. கடைசியில் நூற்றுக்கணக்கானவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டைவிட்டு தார், தேவாஸ், பாக்லி, போபால், குவாலியர் என்று பக்கத்துச் சமஸ்தானங்களுக்குப் போனார்கள். வெள்ளி அணியும் உரிமையை விட்டுக்கொடுப்பதைவிட ஊரை விட்டுப் போவது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இரண்டாவது பட்டியல் நம் மண்ணில் எழுதப்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பின்னர் எழுதிய நூலில் இவை பதிவாகியுள்ளன. முதல் தடை, ஆதிதிராவிடர் தங்கமும் வெள்ளியும் அணியக் கூடாது என்பது. அதற்குப் பிறகுதான் மற்றவை: ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது, சட்டை, கோட்டு, பனியன் கூடாது, முடி வெட்டிக் கிராப்பு வைக்கக் கூடாது, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சள் பூச்சும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

ஆதிதிராவிடர் பணியவில்லை. 1931 ஜூனில் பட்டியல் எட்டிலிருந்து பதினொன்றாக நீண்டது. இந்த இரண்டாவது பட்டியலை மாணவர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் முதல் பட்டியல் மறைத்த உள்நோக்கத்தை இது மறைக்காமல் சொல்லிவிடுகிறது. பெண்கள் தங்க நகை அணியக் கூடாது, செம்பு பித்தளைக் குடத்தில் நீர் எடுக்கக் கூடாது என்ற வரிகளோடு இவையும் இருக்கின்றன: பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும், ஆணும் பெண்ணும் மிராசுதாருக்கு அடிமையாக உழைக்க வேண்டும், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிரிடக் கூடாது, சொந்த நிலம் இருந்தால் குறைந்த விலைக்கு மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. அந்தக் கூலியில் ஒரு பெண் ஒரு ரூபாய் சம்பாதிக்க எட்டு நாள், நாளுக்கு 11 மணி நேரம் உழைக்க வேண்டும். இருபது ரூபாயை உருக்கி ஒரு சோடித் தண்டை செய்துகொள்ள வேண்டுமானால் 160 நாள் உழைப்பு, அதுவும் ஒரு பிடி அரிசிகூட வாங்காமல் இருந்தால். அப்படியும் ஒருத்தி காலில் தண்டை மின்னுகிறது என்றால் அதற்கு என்ன பொருள்? அந்தக் குடும்பத்துக்கு மிராசுதாரின் களத்துக்கு வெளியே எங்கோ ஒரு வருமானம் இருக்கிறது. இரங்கூனிலோ கொழும்பிலோ பினாங்கிலோ பட்டாளத்திலோ ஒருவர் இருக்கிறார். நாளைக்கு அந்தத் தண்டையை அடகு வைத்து அவர்கள் நிலம் வாங்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம், நான்கு அணாவுக்கு வர மாட்டேன் என்று சொல்லலாம். மிராசுதார் அந்தக் காலில் நகையைப் பார்க்கவில்லை; தன் பண்ணையாள் கையைவிட்டுப் போவதைப் பார்த்தார். அதனால்தான் நகைத் தடையும் நில விற்பனையும் கூலி விகிதமும் ஒரே தாளில் எழுதப்பட்டன.

தடைகளை வெறும் பொறாமை என்றும் கௌரவப் பிரச்சினை என்றும் விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பொறாமையும் இருந்தது. ஆனால் ஒரு தண்டை என்பது சேமிப்பு. சேமிப்பு என்பது வேலைக்கு வர மறுக்கும் வலிமை. நகையைத் தடை செய்ததன் மூலம் சாதி தடுக்க நினைத்தது அந்த மறுப்பைத்தான்.

4. கழற்றி எறிந்தவர்கள்

அணிவதற்காகப் போராடியவர்களின் கதை இது. கழற்றுவதற்காகப் போராடியவர்களின் கதையும் இருக்கிறது. இரண்டும் முரண் போலத் தோன்றும்.

திருவிதாங்கூரில் புலையப் பெண்களுக்குத் தங்கமும் வெள்ளியும் மறுக்கப்பட்டிருந்தன. கழுத்தில் கல்லுமாலை எனும் கல்மணிக் கோவைகளை அடுக்கடுக்காக அணிய வேண்டும். மனு சொன்ன இரும்பின் இடத்தில் இங்கே கல். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி அந்த மாலைகளைக் கழற்றச் சொன்னார். 1915 அக்டோபரில் கொல்லம் அருகே பெரிநாட்டில் கல்லுமாலையைத் துறக்கக் கூடிய கூட்டம் தாக்கப்பட்டு ஊர் கலவர பூமியானது. குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் பெண்கள் தங்கள் கழுத்து மாலைகளை அரிவாளால் அறுத்து மேடை முன்பாகக் குவித்தார்கள். கதிர் அறுக்கும் அதே அரிவாள்.

அடுத்தது மகாத். 1927 மார்ச்சில் சவுதார் குளத்தில் நீர் அருந்திய போராட்டமும் டிசம்பர் 25இல் மனுஸ்மிருதி எரிப்பும் நமக்கு மனப்பாடம். அந்த டிசம்பர் மாநாட்டின் நிறைவில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசிய பேச்சு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நீங்கள் சேலை கட்டும் விதமே நீங்கள் தீண்டப்படாதவர் என்பதற்குச் சாட்சி சொல்கிறது, அந்தச் சாட்சியை அழித்துவிடுங்கள் என்றார். கழுத்து நிறைய மாலைகளும் முழங்கை வரை வெள்ளியோ கதிலோ அடுக்கிய காப்புகளும் வளையல்களும் அதே அடையாளம்தான், அவற்றையும் விட்டுவிடுங்கள் என்றார். கதில் என்பது வெள்ளீயம். வெள்ளிபோல் மினுங்கும், வெள்ளி அல்ல. நகை அணிந்துதான் ஆக வேண்டும் என்றால் தங்கத்தில் அணியுங்கள், இல்லையென்றால் அணியாதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

மகர் பெண்கள் சேலையின் கரை வெளியே தெரியாதபடி மடிப்புக்குள் மறைத்துக் கட்ட வேண்டும் என்று இருந்த விதியைப் பேபி காம்ப்ளே தன் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கரை வைத்த சேலையை வாங்கலாம், கரை தெரியக் கூடாது. அப்படி ஒரு விதி உடலில் எழுதப்பட்டிருந்த பெண்களிடம்தான் அம்பேத்கர் பேசினார். அன்றே பலர் சேலையைத் தழையத் தழையக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். கழுத்திலும் கையிலும் இருந்த சுமை இறங்கியது.

நாள்களைக் கவனியுங்கள். மகாத் பேச்சு 1927 டிசம்பர் இறுதியில். இந்தூர் செய்தி 1928 ஜனவரி 4இல். ஒரு வார இடைவெளியில் ஓரிடத்தில் தலித் பெண்கள் வெள்ளியைக் கழற்றுகிறார்கள். இன்னோரிடத்தில் வெள்ளி அணிவதற்காக ஊர் விலக்கத்தை ஏற்கிறார்கள். இது முரண் அல்ல. கொங்கணத்தில் கனத்த வெள்ளியும் வெள்ளீயமும் தீண்டாமையின் முத்திரை. இந்தூரில் அதே வெள்ளி மறுக்கப்பட்ட மதிப்பு. உலோகத்துக்கு என்று நிலையான பொருள் எதுவும் இல்லை. எதை அணிவது, எதைக் கழற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி. பெரிநாட்டுப் பெண்ணும் மகாத் பெண்ணும் பலாய் பெண்ணும் இராமநாதபுரத்துப் பெண்ணும் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் சொன்னார்கள்: எங்களிடம்.

5. துறவும் உரிமையும்

இராமநாதபுரத் தடைகளுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1933 நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை வரை காந்தி ஹரிஜன நிதிக்காக நாடு முழுதும் பயணம் செய்தார். கூட்டங்களில் பெண்களிடம் நகைகளைக் கேட்டு வாங்கி மேடையிலேயே ஏலம் விட்டார். சாதி இந்துப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்த காட்சிகள் தியாகத்தின் காட்சிகளாக இன்றும் எழுதப்படுகின்றன. கொடுத்தவர்களின் மனதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். நகை அணிந்ததற்காகக் குடிசை எரிக்கப்பட்ட மக்களின் பெயரால், நகையைத் துறப்பது அறமாகப் போற்றப்பட்டது. அந்த மக்கள் கேட்டது நகையின் ஏலத் தொகையை அல்ல. நகை அணிந்து தெருவில் நடக்கும் பாதுகாப்பை.

நம் அரங்கிலேயே எழும் இன்னொரு கேள்வி உண்டு. நகை பெண்ணடிமையின் சின்னம் என்று பெரியார் சொல்லவில்லையா? பெண்ணை நகை மாட்டும் தாங்கியாக்கிவிட்டார்கள் என்று அவர் கண்டித்தது உண்மை, அது சரியும்கூட. அதே சுயமரியாதை இயக்கம் 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சொத்துரிமை இருக்கும் பெண்ணுக்கு நகை ஒரு விலங்காக இருக்கலாம். சொத்தே மறுக்கப்பட்ட பெண்ணுக்கு அதுதான் ஒரே சொத்து. அதே நேரத்தில் நம் வீடுகளுக்குள்ளும் கேள்வி கேட்க வேண்டும். அவள் உழைத்துச் செய்த தண்டையை எப்போது அடகு வைப்பது, எதற்காக வைப்பது, மீட்பதா மூழ்கவிடுவதா என்று முடிவு செய்தது யார்? குடித்துத் தீர்ப்பதற்காகக் கழற்றப்பட்ட கொலுசுகளும் இந்த வரலாற்றில் சேரும். வரதட்சணைக்காகச் சேரிகளிலும் இன்று சவரன் கணக்குப் பேசப்படுகிறது. ஊரிடமிருந்து வென்ற உரிமையை வீட்டில் இழந்தால் அது பாதி உரிமைதான்.

6. பீரோவுக்குள் இருந்த குற்றம்

அந்தப் பட்டியல்கள் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு தேதிகள்.

1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடி மாவட்டத்தில் கொடியங்குளம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தால் தலைநிமிர்ந்த தேவேந்திரர் ஊர். பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான காவலர்கள் உள்ளே புகுந்தார்கள். தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் எந்திரம், சான்றிதழ்கள், தானியம் எல்லாவற்றையும் அழித்தார்கள். குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள். நகையும் பணமும் போயின என்று மக்கள் சாட்சியம் சொன்னார்கள்.

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் திருமணம் சாக்கானது. பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் போய் உழைத்துச் சேர்த்தவர்களின் வீடுகள் அவை. பீரோக்களை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்த பிறகே தீ வைத்தார்கள் என்று அங்கே சென்ற உண்மையறியும் குழுக்கள் பதிவு செய்தன.

இன்று யாரும் எட்டுத் தடை, பதினொரு தடை என்று எழுதி ஒட்டுவதில்லை. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டமும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் எரிக்கும் கைகள் எதைத் தேடிப் போகின்றன என்று பாருங்கள்: பீரோ, வண்டி, சான்றிதழ், நகை. 1931இன் பட்டியல் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

7. நம் முன் உள்ள வேலை

அரசர்களின் நகைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பாட்டிகளின் நகைக்கு இல்லை. அது பஞ்சத்தில் உருகியது, கல்யாணத்தில் உருகியது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் உருகியது. உருகுவதற்காகவே செய்யப்பட்ட பொருளுக்கு வரலாறு எழுதுவது கடினம். ஆனாலும் தடயங்கள் இருக்கின்றன. மரப்பெட்டியின் அடியில் மடித்து வைத்த அடகுச் சீட்டு ஒரு வரலாற்று ஆவணம். கலவரத்துக்குப் பின் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவில் களவு போன பொருள்களின் பட்டியல் ஓர் ஆவணம். பழைய குடும்பப் படத்தில் காலைக் கூர்ந்து பாருங்கள். தண்டை இருந்தால் ஒரு செய்தி, இல்லாவிட்டால் இன்னொரு செய்தி. ஊருக்குள் போகும்போது கொலுசைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போன மூதாட்டிகள் இன்னும் பல ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எதுவரை கழற்றி வைக்க வேண்டும், யார் கேட்டார்கள், முதலில் கழற்ற மறுத்தது யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நகையின் எடையையும், அதைச் செய்யக் கொடுத்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூலியின் வரலாறும் புலம்பெயர்வின் வரலாறும் அதற்குள் இருக்கும்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேமிப்பு, சொத்து, கூலி என்றே இதுவரை பேசினோம். ஆனால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கறுத்த வெள்ளியை மறுபடி வெளுக்க வைத்துக் காலில் மாட்டிக்கொண்ட பெண், கணக்குக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்று விரும்பினாள். அந்த விருப்பத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உலகில் யாருக்கும் இல்லை, அவளுக்கு மட்டும் இருந்தது. எந்த விளக்கமும் சொல்லாமல் ஒரு பெண் தனக்குப் பிடித்ததை அணிந்து எந்தத் தெருவிலும் நடந்து போவதும், பிடிக்காததைக் கழற்றி வைப்பதும்தான் நாம் கேட்கும் விடுதலையின் ஒரு பகுதி. அதற்குக் குறைந்த எதையும் நாம் பாரம்பரியம் என்று ஏற்க முடியாது.

ஜெய் பீம்.